மடி இல்லாத பல்லாங்குழி

ஸ்டோன் டவுன்,
சான்சிபார்.

அன்புள்ள ஆச்சிக்கு,

பேரன் எழுதுவது. இங்கு நலம். சோறு கிடைக்கிறது, தேங்காய்ப்பால் விட்ட குழம்பும் கிடைக்கிறது. நான் மெலிந்துவிட்டதாக அம்மா சொன்னால் நம்பாதே. போனில் அவளுக்கு என் முகம் மட்டுந்தான் தெரியும், தொப்பை தெரியாது. சேதி வேறு. நேற்று உன் மானத்தை வாங்கிவிட்டேன்.

இந்த ஊரில் வீட்டுக்கு வெளியே சுவரை ஒட்டிக் கல்திண்ணை உண்டு. 'பராசா' என்பார்கள். நம் தெருவில் கார் நிறுத்தத் திண்ணையை இடித்தோம். இங்கே சந்துக்குள் காரே நுழையாது, திண்ணை பிழைத்துக்கொண்டது. சாயங்காலம் ஜாஸ் கார்னர் என்ற இடத்தில் ஆண்கள் கூடிக் கடுங்காப்பி குடிக்கிறார்கள். நடுவே ஒரு மரப்பலகை: நாலு வரிசை, வரிசைக்கு எட்டுக் குழி. பெயர் பாவோ.

பார்த்ததும் எனக்குக் கை அரித்தது. பதினாலு குழியில் வளர்ந்தவனுக்கு முப்பத்திரண்டு என்ன பெரிது? எதிரே இருந்த பெரியவருக்கு 'ஷிகமோ' சொன்னேன். வயதில் மூத்தவர்களுக்கு மட்டும் சொல்லும் வணக்கம். 'பாதம் பிடிக்கிறேன்' என்று பொருளாம். 'மரஹபா' என்று ஏற்றுக்கொண்டு, இடம் விட்டு நகர்ந்தார்.

காயைக் கையில் எடுத்தால், ஆச்சி, கழற்சிக்காய்! நீ மிளகு சேர்த்து இடித்துத் தாத்தா வாயில் போடுவாயே, அதேதான். நாட்டுமருந்துக் கடைக்காரர் எண்ணி எண்ணிக் கொடுப்பது இங்கே ஒரே பலகையில் 64. தாத்தா பார்த்திருந்தால் கப்பலேறி ஓடியிருப்பார். ஆட்டக்காயை இவர்கள் 'கெட்டே' என்கிறார்கள். எடுத்த நிமிடமே நான் கெட்டேன்.

ஆளுக்கு இரண்டு வரிசை, 32 காய். தொடக்கத்தில் எல்லாக் குழியையும் நிரப்புவதில்லை. முன்வரிசையில் 'ந்யும்பா', அதாவது வீடு, என்றொரு சதுரக் குழி. அதில் ஆறு, பக்கத்துக் குழி இரண்டில் இரண்டிரண்டு, மிச்சம் 22 கையில். முறைக்கு ஒன்றாக இறக்க வேண்டும். முன்வரிசையில் நான் இறக்கும் குழியிலும் காய் இருந்து, நேரெதிரே அவர் குழியிலும் இருந்தால், அவர் காயை அள்ளலாம். அள்ளினேன். அள்ளிய கை தானாக மடிக்குப் போயிற்று. திண்ணையே சிரித்தது.

வென்றதை மடியில் கட்டக் கூடாதாம். என் வரிசை ஓரத்திலிருந்து ஒவ்வொன்றாக விதைக்க வேண்டும். 64 காயில் ஒன்றுகூடப் பலகையை விட்டு இறங்காது. நான் பறித்ததை அவர் பறிப்பார், அவர் பறித்ததை நான். 'பசு' என்று கூவி நாலு காயை வழித்தெடுத்துச் சேலைக்குள் போடும் உன் வித்தை எதுவும் இங்கே செல்லாது.

கடைசிக் காய் விழுந்ததும் பழக்கதோஷத்தில் அடுத்த குழிக்குக் கை நீட்டினேன். புறங்கையில் ஒரு தட்டு விழுந்தது. விழுந்த குழியிலேயே காய் இருந்தால்தான் தொடரலாம். காலிக் குழியென்றால் கை 'தூங்கிவிட்டது'. என் கை உடனே தூங்கும். பெரியவர் கையோ பலகையைச் சுற்றிச் சுற்றி வந்தும் கொட்டாவிகூட விடாது. எங்கே போய் நிற்கும் என்பதை முதல் காயைப் போடுமுன்பே மனதுக்குள் கணக்குப் பார்த்துவிடுகிறார். நான் ஓட்டலில் கணக்கு எழுதுகிறவன் என்பதை அங்கே யாரிடமும் சொல்லவில்லை.

வீட்டுக் குழியைக் கலைத்து விதைத்துக்கொண்டு போனால் அதற்கு 'சஃபாரி', பயணம், என்று பெயர். எனக்கு அவசரம், சீக்கிரமே கலைத்துவிட்டேன். பெரியவர் தலையை ஆட்டினார். "வீடு இருக்கிறவரைக்கும்தான் உனக்குப் பலம். அதற்குள் ஏன் புறப்பட்டாய்?" ஆட்டத்தைத்தான் சொன்னார். எனக்குக் காப்பி ஒரு மிடறு இறங்கவில்லை.

முன்வரிசை காலியானால் தோல்வி. பின்வரிசையில் காய் குவிந்து கிடக்கத் தோற்றேன், பேங்கில் பணம் போட்டுவிட்டுப் பஸ்ஸுக்குச் சில்லறை இல்லாதவன் மாதிரி.

"இதையெல்லாம் யாரிடம் படித்தாய்?" என்று கேட்டார். எங்கள் ஆச்சியிடம் என்றேன். நம் ஊரில் இது பெண்பிள்ளைகள் ஆட்டம் என்று அரைகுறை சுவாஹிலியில் விளக்கியதும், சிரித்துக்கொண்டிருந்த திண்ணை அமைதியாகிவிட்டது. கடைசியில் பெரியவர், "அப்படியானால் உன் ஆச்சியை வரச்சொல்" என்றார்.

வா ஆச்சி. ஆனால் ஒன்று: இங்கே நீ ஒரே ஒரு காயை இடுப்பில் செருகினாலும் "63" என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடுவார்கள். சின்ன வயதில் என் புளியங்கொட்டை மட்டும் எப்படித் தினமும் குறைந்தது என்பது, கடல் தாண்டி வந்த பிறகுதான் எனக்குப் புரிகிறது.

இப்படிக்கு,
உன்னிடம் மட்டுமே தோற்றுப் பழகிய பேரன்.