வாங்கப்போகிறவர்

கோவை ரேஸ்கோர்ஸில் காலை ஆறு மணிக்குப் போனால் மூன்று வகை ஆட்களைப் பார்க்கலாம். நடப்பவர்கள், ஓடுபவர்கள், வாங்கப்போகிறவர்கள். முதல் இரண்டு வகையாரைப் பற்றி எழுதுவது சிரமம். நின்றால்தானே பார்த்து எழுத? மூன்றாமவர் நமக்கு அந்தச் சிரமம் வைப்பதில்லை. சுற்றுப்பாதையில் எந்த பெஞ்சுக்கு எத்தனை மணி வரை நிழல் உண்டு, எதன் பக்கத்தில் சூப்பு வண்டி வந்து நிற்கும் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. காலில் வெள்ளை ஷூ. அதன் அடிப்பாகமும் இன்னும் வெள்ளைதான்.

நடக்க அவருக்கு ஆசை இல்லாமல் இல்லை. ஆனால் எண்ணாமல் நடந்தால் நடந்ததற்கு என்ன அத்தாட்சி? எண்ண ஒரு கருவி வேண்டும். அது ஸ்மார்ட் வாட்ச்சா, வெறும் ஃபிட்னஸ் பேண்டா என்பதுதான் இன்னும் முடிவாகவில்லை. ஆடித் தள்ளுபடியில் ஆரம்பித்த யோசனை தீபாவளி ஆஃபரையும் பொங்கல் ஆஃபரையும் தாண்டி நடந்துகொண்டிருக்கிறது. அவர் விஷயத்தில் நடந்துகொண்டிருப்பது அது ஒன்றுதான்.

இத்தனைக்கும் இவர் தயங்குகிற ஜாதி அல்ல. ஆவாரம்பாளையத்தில் பட்டறை நடத்திய காலத்தில், ராஜ்கோட்டிலிருந்து வந்த லேத் மெஷினை ஒரு சுற்றுச் சுற்றி, கையால் ஒரு திருகு திருகிப் பார்த்துவிட்டு, "ஏத்துங்க வண்டில" என்றவர். லட்சக்கணக்கில் விலை, அரை மணி நேரத்தில் முடிவு. மூவாயிரம் ரூபாய் ரப்பர் பட்டை என்றதும் மனிதர் ஒரு நோட்டே போட்டுவிட்டார். நடுவில் கோடு, இடப்பக்கம் வாட்ச், வலப்பக்கம் பேண்ட். மறைந்த ஆடிட்டரிடம் கற்றுக்கொண்ட பழக்கம் என்கிறார்.

நோட்டுக்கான தகவல் நடப்பவர்களிடமிருந்து வசூலாகிறது. வேகமாக வருகிறவரை மறித்து, "ஏனுங், கையில கட்டீருக்கறது வாட்சுங்களா, பேண்டுங்களா?" என்பார். மரியாதைக்கு நின்றவர் பாட்டரி, பட்டை, தண்ணீர் என்று பதில் சொல்லி முடிப்பதற்குள், அவருடைய வாட்சே நடை முடிந்துவிட்டதா என்று கேட்கத் தொடங்கிவிடும். இப்படி இவர் நிறுத்திய நடைகளைக் கூட்டிப் போட்டால் அவிநாசி வரை போய் வந்திருக்கலாம்.

கிண்டலுக்குச் சொல்லவில்லை, நோட்டில் இருப்பதில் பெரும்பகுதி சரியானது. பேண்ட் ஒருமுறை சார்ஜ் போட்டால் ஒரு வாரமாவது ஓடும். 2015இல் ஆப்பிள் வாட்ச் வந்தபோது அந்த நிறுவனமே சொன்ன கணக்கு பதினெட்டு மணி நேரம். "அப்ப ராத்திரி சார்ஜ்ல கெடந்தா, தூக்கத்த யாருங் அளக்கறது?" என்று கேட்கிறார். நியாயமான கேள்வி. தவிர, அது ஐபோனோடு மட்டும்தான் ஒத்துப்போகும், இவருடையது ஆண்ட்ராய்டு. அந்த வாட்ச் வாங்க வேண்டுமென்றால் முதலில் போனை மாற்ற வேண்டும். அதற்கு இன்னொரு நோட்டு வேண்டும்.

கிராஸ்கட் ரோட்டில் ஆயிரத்தைந்நூறு ரூபாய்க்கு அடுக்கி வைத்திருக்கும் சதுர வாட்சுகளின் குட்டையும் இவர் உடைத்துவிட்டார். பெரிய திரை, பேச ஒரு மைக், கேட்க ஒரு ஸ்பீக்கர்; மற்றபடி அவற்றில் பெரும்பாலானவை தடித்த பேண்டுகள்தான். புதிதாக ஓர் ஆப் ஏற்ற முடியாது. உண்மைதான். அதைக் கடைக்குள்ளேயே, மற்ற வாடிக்கையாளர்கள் முன்னால், விளக்கமாகச் சொன்னதுதான் பிசகு. அந்தக் கடையில் இப்போது இவருக்கு டீ சொல்வதில்லை.

பிறகு ஆரோக்கியப் பகுதி. "சுகர் பாக்குங்களா?" என்பது முதல் கேள்வி. பார்க்காது. ஊசி குத்தாமல் ரத்தச் சர்க்கரை அளப்பதாகச் சொல்லும் வாட்சோ மோதிரமோ எதற்கும் தான் அனுமதி கொடுத்ததில்லை, நம்பி வாங்காதீர்கள் என்று 2024 பிப்ரவரியில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. எச்சரிக்கையே விட்டது. மருந்தின் அளவை அந்த எண்ணை வைத்து முடிவு செய்தால் உயிருக்கே ஆபத்து. இதைச் சொன்னதும் வேறு யாராக இருந்தாலும் அந்த ஆசையை விட்டிருப்பார்கள். இவர், "செரீங், அது வர்ற வரைக்கும் பொறுக்கலாமுங்" என்று நோட்டை மூடினார்.

பிரஷர்? சாம்சங் வாட்சில் பார்க்கலாம். ஆனால் இருபத்தெட்டு நாளுக்கு ஒருமுறை, கையில் பட்டை சுற்றிக் காற்றடிக்கும் மெஷினை வைத்து அதற்குக் கணக்கு சொல்லித்தர வேண்டும். "அந்த மெஷினு எங்கூட்லயே இருக்குதுங்களே, அப்பறம் வாட்ச் எதுக்குங்?" இதற்கு என்னிடம் பதில் இல்லை. இந்த மனிதரிடம் உள்ள பெரிய தொல்லையே இதுதான்: முக்கால்வாசி நேரம் அவர் சொல்வது சரியாக இருந்துவிடுகிறது.

என்னைக் கேட்டால் (யாரும் கேட்கவில்லை) நடையையும் தூக்கத்தையும் தோராயமாகத் தெரிந்துகொள்ள பேண்ட் போதும், மிச்சக் காசுக்கு நல்ல ஷூ வாங்கலாம். தனியாக இருக்கும் பெரியவர் தடுமாறி விழுந்தால் தானே போன் போடுவது, இதயம் தாளம் தப்புகிறதா என்று இசிஜி எடுத்துப் பார்ப்பது, இதெல்லாம் 2018இலிருந்து விலை கூடிய சில வாட்சுகளில் வந்திருக்கின்றன. அந்தத் தேவை உள்ளவர் விலையைப் பார்க்கக் கூடாது. இதையும் சொன்னேன். இரண்டு பக்கத்திலும் எழுதிக்கொண்டார். எழுதுவதில் அவரிடம் ஒரு குறையும் சொல்ல முடியாது.

ஆனால் அவரை நெஞ்சாரக் குளிரவைத்த தகவல் வேறு. தினம் பத்தாயிரம் அடி நடக்க வேண்டும் என்கிறார்களே, அந்த எண் எந்த வைத்தியரும் எழுதிக்கொடுத்ததல்ல. 1965இல் ஜப்பானில் இடுப்பில் மாட்டும் காலடி மீட்டர் ஒன்றை விற்க வந்தவர்கள், பத்தாயிரத்தைப் பெயரிலேயே சேர்த்து விற்றார்கள். அது உலகம் முழுக்கப் பரவிவிட்டது. பிறகு 2019இல் ஹார்வர்டைச் சேர்ந்த ஐ-மின் லீ குழுவினர் வயதான பெண்களை வைத்து ஆராய்ந்ததில், ஏழாயிரத்து ஐந்நூறு அடியோடு பலன் ஏறுவது நின்றுவிடுவதாகத் தெரிந்தது. ஆராய்ச்சி சராசரி வயது எழுபதைத் தாண்டிய பெண்களைப் பற்றியது, இவருக்கு அறுபத்து நான்கு என்பதையெல்லாம் அவர் கண்டுகொள்ளவில்லை. உட்கார்ந்த இடத்திலேயே இரண்டாயிரத்து ஐந்நூறு அடி மிச்சமான சந்தோஷத்தில் அன்று எல்லாருக்கும் சூப்பு வாங்கிக்கொடுத்தார்.

வீட்டிலும் இந்த ஞானம் பரவாமல் இல்லை. இந்தக் கருவிகள் மணிக்கட்டு ஆடுவதை வைத்துத்தான் அடியை எண்ணுகின்றன. கை ஆடாவிட்டால் பல அடிகள் விட்டுப்போகும். ஆர்.எஸ்.புரம் உழவர் சந்தையிலிருந்து இரண்டு கையிலும் பையோடு வந்து சேர்ந்த மனைவியிடம், "பாரு அம்மணி, இப்ப நீ நடந்ததுல பாதி கணக்குலயே வராது" என்று சொல்லியிருக்கிறார். "ஏனுங் மாமா, நாளைக்கு நீங்க பையத் தூக்கீட்டு வாங்க, நான் கைய வீசீட்டு வாறேன்" என்று பதில் வந்ததாம். இதை அவரே சிரித்துக்கொண்டு சொன்னார். மறுநாள் பையைத் தூக்கியவர் யார் என்று மட்டும் சொல்லவில்லை.

கடைசியில் பெங்களூரில் இருக்கும் மகனுக்குப் பொறுமை போய்விட்டது. நோட்டைக் கேட்காமல், ஒரு சாதாரண பேண்டை வாங்கி, பள்ளி விடுமுறைக்கு வந்த பேரன் கையில் கொடுத்தனுப்பிவிட்டான். வாங்கப்போகிறவருக்கு இதைவிடப் பெரிய இடி வேறில்லை, வாங்கியாகிவிட்டது. இருந்தாலும் வாய்விட்டுக் குறை சொல்லவில்லை. போனில் ஆப் ஏற்றினார், பேர் பதிந்தார், கட்டிக்கொண்டார்.

அடுத்த வாரம் ரேஸ்கோர்ஸில் அவர் மதிப்பு எங்கேயோ போய்விட்டது. பெஞ்சில் உட்கார்ந்தபடியே போனை எல்லாருக்கும் காட்டினார். நேற்று பதினெட்டாயிரத்துச் சொச்சம் அடி. முந்தாநாள் இருபதாயிரத்தை நெருங்கிவிட்டது. இரவு பத்து மணி நேரத் தூக்கம். எப்போது நடக்கிறார் என்று கேட்டவர்களுக்கு, "அது சாயங்காலமுங்" என்றார். கையில் ஏன் பட்டையைக் காணோம் என்று ஒருவர் கேட்டதற்கு, சார்ஜில் கிடப்பதாகப் பதில் வந்தது. வாரக் கணக்கில் ஓடும் என்று நோட்டில் எழுதி வைத்திருக்கும் அதே பேண்ட்தான்.

விஷயம் வேறு. நாடித் துடிப்பை எண்ணுவதற்காகப் பட்டையின் அடியில் பச்சை வெளிச்சம் மினுக்கும் அல்லவா, அதைப் பார்த்ததும் பேரன் கையை விட்டுக் கழற்ற மறுத்துவிட்டான். மணிக்கட்டில் நிற்காததால் முழங்கைப் பக்கம் ஏற்றி இறுக்கிக்கொண்டு, மாடிப்படி, தெரு, பக்கத்து வீட்டுக் கொய்யாமரம் என்று சுற்றிவந்தான். இருட்டிய பிறகு போர்வைக்குள் பச்சை விளக்கைப் பார்த்தபடியே தூங்கினான். கணக்கு முழுக்கத் தாத்தா போனில் ஏறிக்கொண்டிருந்தது.

ரேஸ்கோர்ஸ் கூட்டத்தில் ஓய்வுபெற்ற குழந்தை வைத்தியர் ஒருவர் உண்டு. அதிகம் பேசமாட்டார். அன்று அவரும் நின்று, போனை வாங்கி, கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு ஒவ்வொரு பக்கமாகத் தள்ளிப் பார்த்தார். அடி, தூக்கம், சும்மா இருக்கும்போது நாடி 94.

"ரொம்ப நல்லா இருக்குதுங்" என்று போனைத் திருப்பிக் கொடுத்தார். "முன்பல்லு விழுந்திருச்சுங்களா, இன்னும் ஆடீட்டு இருக்குதுங்களா?"