சிரிச்சவன் மேல என்ன கோவம் அப்பு?

என்ன பேராண்டி, மெட்ராசுல நாடகம் பாக்கப் போறேன்னு துள்ளிக்கிட்டுப் போன, திரும்பி வாரப்ப மூஞ்சி ஏன் இப்பிடித் தொங்குது? ஐந்நூறு ரூவா டிக்கெட்டாம். குளுகுளுன்னு ஏசி போட்ட அரங்கமாம். கதையில புருசங்காரன் செத்துக் கெடக்கான். பொண்டாட்டி ஒத்த வார்த்த பேசாம சன்னலையே பாத்துக்கிட்டு நிக்கிறா. அந்த நேரம் பாத்துப் பின்வரிசையில ஒரு பய கெக்கெக்கேன்னு சிரிச்சுப்புட்டான். இதானே வழக்கு?

சரி, நீ என்ன செஞ்ச? திரும்பித் திரும்பி ‘உஷ்’ஷுன்ன. அவன் சிரிச்சது ஒரு தடவ. நீ உஷ்ஷுன்னது நாலஞ்சு தடவ. இப்பச் சொல்லு, அந்தப் பொம்பளையோட துக்கத்தக் கெடுத்தது அவனா, நீயா?

கோவிச்சுக்காத அப்பு. இந்தா, மோரக் குடி.

நாடகம் தொடங்கறதுக்கு முன்னாடியே ஒருத்தர் வந்து கட்டளை வாசிச்சாராமே. செல்போன அமத்து, பேசாத, திங்காத, போட்டா எடுக்காத, நடுவுல எந்திரிக்காத. செல்போன அமத்தச் சொல்றது ஞாயந்தான். இருட்டுக்குள்ள ஒரு கையில வெளிச்சம் வந்தா அத்தன கண்ணும் அங்கிட்டுத்தான் போகும். ஆனா சிரிப்ப எந்தப் பொத்தான அமுக்கி அமத்துறது? அது கேட்டுக்கிட்டா வருது?

நம்ம பக்கத்து நாடகத்த நீ முழுசா உக்காந்து பாத்ததில்ல. மதுரை, சிவகங்கை, புதுக்கோட்டைன்னு இன்னைக்கும் கோயில் திருவிழாவுக்கு ஸ்பெஷல் நாடகம் போடுறாக. வள்ளி திருமணம், பவளக்கொடி, அரிச்சந்திர மயான காண்டம். எல்லாம் 1922ல கண்ண மூடுன சங்கரதாஸ் சுவாமிக போட்டுக் குடுத்த பாதை. ராஜபார்ட்டு ஒரு ஊரு, ஸ்திரீபார்ட்டு வேற ஊரு. அன்னைக்கு ராத்திரி மேடைக்குப் பின்னாலதான் ஒருத்தரு மூஞ்சிய ஒருத்தரு பாப்பாக. ஒத்திகையா? அதெல்லாம் ஒங்க ஊருச் சமாச்சாரம். ராத்திரி பத்து மணிக்கு ஆர்மோனியம் கத்த ஆரம்பிச்சா, விடிஞ்சு பால்காரன் வந்தப்பறந்தான் ஓயும்.

ஆம்பளைக ஒரு பக்கம், பொம்பளைக ஒரு பக்கம். நண்டு சிண்டெல்லாம் முன்னால பாய விரிச்சுப் படுத்துக் கெடக்கும். கடலை விக்கிறவன் காலுக்கு நடுவுல புகுந்து வருவான். ராஜபார்ட்டு உச்சத்துல பாட்டத் தூக்கி நிப்பாட்டி வச்சிருப்பாரு, அந்நேரம் பாத்து ஒருத்தரு மேடையேறி அவரு சட்டையில நூறு ரூவா நோட்டக் குத்துவாரு. குத்துனவரு பேர மைக்குல சொல்லலைன்னா ஊருக்குள்ள பஞ்சாயத்து ஆயிரும். அதனால முருகப்பெருமான் வள்ளியக் காதலிக்கிறத நிப்பாட்டிட்டு, இன்னாருக்கு நன்றி, அவுக குடும்பம் நல்லாருக்கட்டும்னு வாழ்த்திப்புட்டு, விட்ட எடத்துல இருந்து திரும்பக் காதலிப்பாரு. வள்ளியும் அதுவரைக்கும் வெக்கத்தப் புடிச்சு வச்சுக்கிட்டு நிப்பா.

இம்புட்டு அலப்பறையிலயும் கத கெட்டுச்சா? எனக்கு மீசை அரும்புற வயசுல நடந்தத ஒண்ணு சொல்றேன் கேளு.

பக்கத்தூரு மாரியம்மன் கோயில்ல மயான காண்டம். விடியறதுக்குக் கொஞ்ச நேரந்தான் இருக்கு. பாம்பு கடிச்சுச் செத்த லோகிதாசன மடியில போட்டுக்கிட்டுச் சந்திரமதி ஒப்பாரி வைக்கிறா. லோகிதாசன்னு படுத்துக் கெடந்தது ஒரு சின்னப் பய. கம்மாக்கரையில மேடை. கொசுன்னா கொசு, அப்பிடிக் கொசு. ஒண்ணு அவன் கெண்டக்கால்ல வந்து உக்காந்துச்சு. செத்தவன் என்ன செய்வான் பாவம்? எம்புட்டு நேரம் பொறுப்பான்? மெதுவா ஒரு காலத் தூக்கி இன்னொரு காலச் சொறிஞ்சான். பாயில கெடந்த பொடியன் ஒருத்தன் பாத்துட்டான். “ஏ, பொணம் சொறியுதுடோய்!” அம்புட்டுத்தான். கூட்டம் மொத்தமும் உருண்டு பெரண்டு சிரிக்குது. எங்கய்யா தோள்த் துண்ட வாயில வச்சு அடைச்சுக்கிட்டாரு.

சந்திரமதி வேசங்கட்டுன அம்மா என்ன செஞ்சாக? சுருதிய விடல. ஆர்மோனியக்காரரு பக்கம் ஒரு பார்வ. அதே ராகத்துல, அரண்மனையில பட்டுமெத்தையில படுத்த புள்ளைய இன்னைக்குச் சுடுகாட்டுக் கொசு பிடுங்குதே, செத்த ஒடம்பயும் விட மாட்டேங்குதேன்னு ரெண்டு அடியக் கட்டி ஒப்பாரியோட ஒப்பாரியாப் பாடிக்கிட்டே, முந்தானைய இழுத்து அந்தப் பய காலப் போர்த்துனாக. சிரிப்பு அங்கனயே நின்னு போச்சு. எங்க அப்பத்தா மூக்கச் சிந்துன சத்தம் ஆம்பளைக பக்கம் வரைக்கும் கேட்டுச்சு.

ஒங்க நாடகத்துல என்ன நடந்துச்சு? செத்துக் கெடந்தவரே எந்திரிச்சு உக்காந்து, நாடகம்னா எப்பிடிப் பாக்கணும்னு பாடம் நடத்துனாராமே! ஒருத்தன் சிரிச்சதுல குறையாத துக்கம், பொணம் எந்திரிச்சு வாத்தியார் வேல பாத்ததுல மொத்தமாப் போயிருக்குமே அப்பு. ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னு சொன்னாளாம்.

அதுக்காக எங்க ஊருக் கூட்டம் எல்லாம் யோக்கியம்னு நெனச்சுக்கிறாத. தண்ணியப் போட்டுட்டு வந்து, டான்ஸ் ஆடுற பொண்ணப் பாத்து லந்து குடுக்குற பயலுக எங்கயும் இருக்கானுக. அவனுக சிரிக்கிறதுக்குப் பேரு சிரிப்பா? ஊருப் பெரியவுக நாலு பேரு எந்திரிச்சு, அவன் தோளுல கையப் போட்டுக் கூட்டிக்கிட்டுப் போயி வெளிய விடணும். எத்தனையோ எடத்துல அந்தப் பெரியவுகளே வாயப் பொளந்து பாத்துக்கிட்டு உக்காந்திருந்ததும் உண்டு. அந்தப் பொண்ணுதான் கோமாளி வேசங்கட்டுற பபூனோட சேந்து, பாட்டுக்கு நடுவுலயே ஒரு வார்த்தையப் போட்டு அவன் வாய அடைக்கணும். ராத்திரி முழுக்க ஆடவும் செய்யணும், காவலும் காக்கணும். அத நான் மெச்ச மாட்டேன்.

ஆனா நீ சொல்ற பய அந்த ரகமில்லையே? சரி, எம்.ஆர். ராதாவப் பத்திக் கேள்விப்பட்டிருக்கியா? ரத்தக்கண்ணீர 1954ல படமா எடுத்தாக. அதுக்கு முன்னாடியே மேடையில சக்கப்போடு போட்ட நாடகம் அது. குஷ்டம் புடிச்சு, கண்ணு தெரியாம, தெருவுல தடுமாறி வருவாரு. அழ வேண்டிய எடம். சனம் சிரிக்கும். சிரிக்க வைக்கிறதே அவருதான். வியாதிக்காரன் நக்கலடிச்சா எப்பிடிச் சிரிக்காம இருக்கிறது? சிரிச்சு முடிச்சப்பறம், அடடா, யாரப் பாத்துச் சிரிச்சோம்னு உள்ளுக்குள்ள ஒரு சுருக்கு வரும். அதுக்குத்தான் அம்புட்டும். அந்தக் கூட்டத்துல நீ உக்காந்து உஷ்ஷுன்னிருந்தா, ராதா மேடையில இருந்தே ஒன்னைய ஒரு வழி பண்ணியிருப்பாரு. அதே 1954ல சர்க்காரு நாடகத்துக்குன்னே ஒரு சட்டங் கொண்டாந்துச்சு. ராதாவ மனசுல வச்சுத்தான்னு பேசிக்கிட்டாக. பாத்தியா, சர்க்காருக்கே பயம் எதுல? சனம் சிரிக்கிறதுல.

மெட்ராஸ் சபாவுல போடுற சிரிப்பு நாடகத்துல வேற சங்கடம். கிரேஸி மோகன் நாடகம்னா ஒரு சோக்குக்குச் சிரிச்சு முடிக்கிறதுக்குள்ள அடுத்தது வந்து நிக்கும். சிரிச்சவன் ரெண்டாவதக் கோட்ட விட்டுருவான். அதனால நடிக்கிறவனுக்கு ஒரு கணக்கு வேணும். சிரிப்பு பொங்கி வர்ற பாலு அப்பு. ஒசக்க ஏறையில பேசுனா ஒருத்தருக்கும் கேக்காது. முழுக்க அடங்குற வரைக்கும் காத்திருந்தா மேடை ஆறிப் போகும். ஏறுனது எறங்க ஆரம்பிக்கிற அந்தச் செத்த நேரத்துல அடுத்த வசனத்த எடுக்கணும். அது வரைக்கும் சும்மா நிக்கப்படாது, செம்ப எடுக்கணும், துண்ட ஒதறணும். கூட்டத்துக்குத் தெரியாம அவுகளுக்காகக் காத்திருக்கிறது ஒரு வித்த.

நம்ம டீக்கடைக்கு வர்ற ரிட்டையர்டு தமிழ் வாத்தியாரு இருக்காருல்ல, அவருகிட்ட ஒன் கதையச் சொன்னேன். அந்தக் காலத்துப் பரத முனிவரே நாட்டிய சாத்திரத்துல இதுக்குக் கணக்கு வச்சிருக்காராம். பாக்குறவன் புன்னகைச்சா, வாய்விட்டுச் சிரிச்சா, அடடான்னா, ஐயோ பாவம்னா, அதெல்லாம் நாடகம் செயிச்சதுக்கு அடையாளமாம். வேணும்னே கத்துறது, கண்டமேனிக்குக் கைதட்டுறது, சாணிய எறியறது, மண்ணாங்கட்டிய எறியறது, இதெல்லாம் எதிராளி செய்யிற எடைஞ்சலாம். சாணி எறிஞ்சவனையும் பாத்துத்தான் எழுதியிருக்காரு மனுசன். ஒனக்கு ஒரு கெக்கெக்கே தாங்கல.

தொல்காப்பியரு சிரிப்பு எங்கருந்து வருதுன்னு நாலு சொல்லியிருக்காருன்னாரு வாத்தியாரு. அடுத்தவன எள்ளுறதுல வரும், சின்னப்புள்ளத்தனத்துல வரும், ஒண்ணுந் தெரியாத பேதைமையில வரும், புரிஞ்சும் புரியாத வெகுளித்தனத்துல வரும். நல்ல கணக்குத்தான். அவரு ஒங்க அரங்கத்துல ஒருநா உக்காந்திருந்தா அஞ்சாவதும் எழுதியிருப்பாரு. ‘இந்தா, என்னையப் பாரு’ன்னு ஒரு சிரிப்பு இருக்கே, அது.

அந்தச் சிரிப்பு யாருக்கு வரும் தெரியுமா? நடிக்கிறவனோட சேக்காளிக்கு வரும். சோக்கு வர்றதுக்கு முன்னாடியே அவன் சிரிச்சுருவான். ஒத்திகையில கேட்டவனாச்சே! மேடையில மச்சான் டீ டம்ளரத் தூக்குனாலே பின்னால ஒரு ஓ போடுவான். பொறவு படிச்சவனுக்கு வரும். யாருக்கும் புரியாத எடத்துல எனக்கு மட்டும் புரிஞ்சுருச்சுன்னு ‘ஹ்ம்’னு மூக்கால ஒண்ணு விடுவான். மேடையில ஒரு வேலைக்காரன் மதுரைப் பேச்சுப் பேசி அடி வாங்குறான், அவன் பேச்சக் கேட்டே சிரிக்கிறவுக சில பேரு. அடி விழுறது அவுக கண்ணுலயே படல. பொறவு, உஷ்ஷுன்றவன். அவனும் அந்த வகையறாதான் அப்பு. தலையக் குனியாத, சும்மா சொன்னேன்.

சிரிக்கிறதுக்குக் கூலி வாங்குன காலமும் இருந்துச்சாம். பிரான்சு தேசத்துப் பாரீசுல 1820ல, நாடகத்துக்குக் கைதட்ட ஆள் அனுப்புறதுக்குன்னே ஒரு ஏசென்சி வச்சிருந்தாகளாம். சிரிக்க ஒரு கூட்டம், கைக்குட்டைய வச்சு அழுக ஒரு கூட்டம், ‘இன்னொருக்கா’ன்னு கத்த ஒரு கூட்டம். எப்பச் சிரிக்கணும்னு கண்ணக் காட்ட ஒரு மேஸ்திரி வேற. நம்ம ஊரு ஒப்பாரிக்காரி கேட்டா, கை நெறையச் சம்பளம் உண்டானு கேப்பா.

நீ உக்காந்திருந்தியே, அது மாதிரி அரங்கத்த இருட்டாக்குறதே நேத்து வந்த பழக்கந்தான். சருமனியில வாக்னர்னு ஒரு சங்கீதக்காரரு, 1876ல பைராய்ட்டுங்கிற ஊருல கொட்டகை கட்டி, உள்ள விளக்கையெல்லாம் இறக்கிட்டாராம். அதுவரைக்கும் அங்கயும் மேடையப் பாத்தது பாதி, யாரு யாரோட வந்திருக்கான்னு பாத்தது பாதி. இருட்டுல உக்காந்தா வாய மூடணும்னு ஆகிப்போச்சு. நல்லதுதான், நான் குத்தஞ் சொல்லல. மெல்லப் பேசுற நாடகத்துக்கு அமைதி வேணும். மயான காண்டத்துக்கு மைக்கு இருக்கு, தொண்டையும் இருக்கு. சன்னலப் பாத்து நிக்கிறவளுக்கு ரெண்டும் இல்ல.

சரி, சிரிச்சானே அந்தப் பய, அவன் மூஞ்சியப் பாத்தியா? பாக்கல. சாவு வீட்டுல சிரிப்பு வந்து கொல்லைப்பக்கம் ஓடுனவுக நம்ம குடும்பத்துலயே இருக்காக. ஒங்க அத்தை ஒருத்தி, அவ மாமியா செத்தப்ப வாயப் பொத்திக்கிட்டு மாட்டுத்தொழுவுல போயி உக்காந்திருந்தா. துக்கம் இல்லாமயா? தாங்க முடியல, அது சிரிப்பா வெடிச்சுருச்சு. அப்பிடிப்பட்டவன நீ திரும்பி மொறைச்சா அவன் இன்னுந்தான் சிரிப்பான். அவனாலயே நிப்பாட்ட முடியாது. முன்னால பாத்துக்கிட்டு இரு, தானா அடங்கும். அடங்கலையா, எடைவேளையில போயி, “தம்பி, அந்த எடத்துல எனக்கு வசனம் கேக்கல”ன்னு பக்குவமாச் சொல்லு. அதுக்கு என்ன இங்கிலீசு படிச்சிருக்கணுமா? அவன் வேணும்னே சலம்புறவன்னா, அரங்கத்துக்காரன் சம்பளம் வாங்குறானே, அவங்கிட்ட சொல்லு. சாமி சத்தியமா, நீ நாட்டாமை இல்ல.

பங்குனியில நம்ம கோயிலுக்கு வள்ளி திருமணம் பேசியிருக்கு. வா. பாயி கொண்டாந்துரு, பனி விழும், துண்டு ஒண்ணும் எடுத்துக்க. அந்தக் கறுப்புக் கண்ணாடியும் கிழிஞ்ச பேண்டும் போட்டுக்கிட்டு முன்னால மட்டும் உக்காராத. பபூன் மேடைக்கு வந்ததும் மொதல்ல ஒன்னையத்தான் புடிப்பான். மைக்க நீட்டி, “மாப்புள்ள, பேரு என்ன? பேண்ட எந்த நாயி கடிச்சுச்சு?”ம்பான். ஊரே சிரிக்கும். நானுந்தான் சிரிப்பேன். அப்ப யாருகிட்ட உஷ்ஷுன்னுவன்னு நானும் பாக்குறேன்.