சோப்பு போடாதேயும், யூரியா போடும்!

வாரும் மருமவனே, உக்காரும். கரும்பு போட்டிருக்கீராமே, ஊரெல்லாம் அதே பேச்சா கெடக்கு. மத்தளம்பாறைக் கம்ப்யூட்டர் கம்பெனியில ஏசிக் காத்து வாங்க வேண்டிய பிள்ளை, வாசுதேவநல்லூர் வெயில்ல கரணை சுமந்துக்கிட்டு நிக்கீரு. விளைச்சலும் கூடணும், மண்ணும் தண்ணியும் கெடக்கூடாது, ஒரு யோசனை சொல்லும் மாமான்னு கேக்கீரு. யோசனைக்கா பஞ்சம்? ஊரு என்ன செய்யுதோ அதை அப்படியே சொல்லுதேன். நீரும் செய்யும். கெட்டுப்போனா கூட்டத்தோட கெட்டுப்போவீரு, கூச்சம் இருக்காது.

மொதல்ல நடவு. ரெண்டு பருக் கரணையா வெட்டும், ஏக்கருக்கு 30,000 கரணை. அதுக்கு 3, 4 டன் கரும்பு மண்ணுக்குள்ள போவும். போகட்டும், ஆலைக்கு அனுப்புனா வெறும் ரூவாதானே வரும்? வேளாண்மை ஆபீஸ்காரவுவ வந்து வேற கதை சொல்லுவாவ. பருவை மட்டும் சீவி எடுத்து, குழித்தட்டுல தென்னை நார்க்கழிவை நெரப்பி நாத்து விடும். ஒரு மாசத்து நாத்தை 5 அடிக்கு 2 அடி நடும். ஏக்கருக்கு 5,000 நாத்து இருந்தாப் போதும்பாவ. கேட்டுராதேயும். 5 அடி பார் விட்டா வரப்புல போறவன் சும்மா போவானா? "என்னவே, பாதி வயலைத் தரிசாப் போட்டிருக்கீரு"ன்னு கேப்பான். அந்த எடைவெளியில வெயிலும் காத்தும் அடிமட்டும் எறங்கி தூரு நல்லாக் கட்டும், ஊடால ஒரு உளுந்து எடுத்துரலாம்ங்கிறதெல்லாம் உண்மைதான். ஆனா, வரப்புல போறவன் வாயை அடைக்க உளுந்து போதுமா?

அடுத்தது தண்ணி. ஆனி, ஆடியில சாரல் அடிக்கு, ஐந்தருவி கொட்டுது, பழைய குற்றாலத்துல நிக்க எடம் இல்லை. தென்காசிக்காரன் வீட்டுக் குழாயிலயே அருவி விழும்னு வெளியூர்க்காரன் நெனைக்கான். நீரும் அப்படியே நெனைச்சுக்கிடும். நம்ம அணைகளோட உசரத்தைக் கொஞ்சம் பாரும்: குண்டாறு 36 அடி, கருப்பாநதி 72, ராமநதி 84, கடனா 85, எல்லாத்துலயும் ஒசந்தவரு அடவிநயினார் 132. நாலு நாள் சாரல் சேந்தாப்ல பெஞ்சா குண்டாறு வழிஞ்சிரும். பங்குனி, சித்திரையில போய்ப் பாத்தா தரை தெரியும். கரும்புக்கோ நட்டதுல இருந்து வெட்டுற வரைக்கும் 1,500 முதல் 2,500 மில்லிமீட்டர் தண்ணி வேணும். நம்ம சமவெளி மழை அதுக்கு எட்டாது, மிச்சம் கெணத்துல இருந்துதான் வரணும்.

அதனால என்ன, மடையைத் தொறந்துவிட்டு டீக்கடைக்குப் போவும். சொட்டுநீர் போட்டா சிறு, குறு விவசாயிக்கு நூத்துக்கு நூறு மானியம், மத்தவங்களுக்கு 75 சதம்னு அரசாங்கம் குடுக்கு. இனாமா வாங்குறது நம்ம கௌரவத்துக்கு ஆகுமாவே? மோட்டாருக்கு இனாம் கரண்ட் வாங்குறோமேன்னு கேக்கீரா? அது வேற. அந்தக் கரண்ட்டுல ஓடுற மோட்டார் பக்கத்துத் தோட்டத்துக் கெணத்தையும் சேத்துல்லா வத்தவைக்கி, அதுல ஒரு சந்தோசம் இருக்கு.

இனி யூரியாவுக்கு வருவோம். 45 கிலோ மூட்டை 266 ரூவா 50 காசு. இவ்வளவு மலிவா ஒரு பொருள் கெடைக்கும்போது அளந்து போடுறவன் கோட்டிக்காரன். மண்ணு என்ன கேக்குன்னு பாக்கத்தான் 2015-ல மண்வள அட்டைன்னு ஒண்ணு கொண்டாந்தாவ. உம்ம அட்டை எங்க இருக்கு? ரேசன் கார்டோட சேத்துப் பீரோவுல பூட்டியிருக்கீரு. வெளியில எடுத்தா எழுத்து அழிஞ்சிரும், உள்ளயே இருக்கட்டும். நீரு பாட்டுக்கு மூட்டையைப் பிரியும். கரும்பு கருகருன்னு வளந்து நிக்கும், பாக்க அம்சமா இருக்கும். காத்து அடிச்சா சாஞ்சிரும். முத்துறதுக்கு நாளெடுக்கும், சாறுல சக்கரை எறங்காது. கல்யாணப் பந்தியில மூணு தரம் சோறு வாங்கித் தின்னுட்டு மொய் எழுதாமப் போறவன் கணக்கா, தின்னதுக்கு ஒண்ணும் வைக்காது. கட்டுமானம், அதான் கரும்புல எறங்குற சக்கரையோட சதம், கொறைஞ்சா வெலை கொறையும்ங்கிறதை உமக்கு நான் சொல்லணுமா?

கரும்பு தின்னது போக மிச்ச யூரியா எங்க போவுதுன்னு நெனைக்கீரு? குற்றால அருவியில சோப்பு, சாம்பு, எண்ணெய் போடக்கூடாதுன்னு ஐகோர்ட்டே தடை போட்டிருக்கு. நல்ல தடை. மேல அஞ்சு ரூவா சோப்போட நிக்கவனைப் போலீசு வெரட்டும். கீழ வயல்ல மூட்டை மூட்டையா அவுத்துவிட்டா எந்தப் போலீசும் வராது. நீரு பயப்படாமப் போடும்.

குற்றால அருவித்தண்ணி போற சித்தாறு தென்காசியைத் தாண்டி, சீவலப்பேரியில தாமிரபரணியோட சேந்து, புன்னைக்காயல்ல கடலுக்குப் போவுது. நம்ம வாசுதேவநல்லூர், சிவகிரிப் பக்கத்து ஓடைத்தண்ணி வைப்பாத்து வழியாப் போனாலும், அதுக்கும் போய்ச்சேருற எடம் அதே மன்னார் வளைகுடாதான். அங்க தூத்துக்குடிக்கும் ராமேஸ்வரத்துக்கும் ஊடால 21 தீவு, சுத்திப் பவளப்பாறை. 1986-ல அதைக் கடல் தேசியப் பூங்கான்னு அறிவிச்சாவ. மீனு குஞ்சு பொரிக்கிற எடம்வே அது.

ஆஸ்திரேலியாவுல குயின்ஸ்லாந்துன்னு ஒரு சீமை. அங்கயும் கடக்கரையோரம் மைல் கணக்காக் கரும்பு, எதுத்தாப்ல கடலுக்குள்ள உலகத்துலயே பெரிய பவளத்திட்டு. வயல்ல போட்ட உரம் மழையில கரைஞ்சு ஆத்தோட போயிப் பவளத்தைக் கெடுக்குன்னு விஞ்ஞானிகள் சொன்னாவ. கரும்பு விவசாயிகளும் மொதல்ல மொறைச்சுத்தான் பாத்தாவ, எவன்தான் மொறைக்க மாட்டான்? பெறவு 2013-ல அவுக சங்கமே 'ஸ்மார்ட்கேன்'னு ஒரு திட்டத்தை எடுத்துக்கிட்டு வந்துச்சு. உரம் போடுறதுக்கும் 'ஆறு எளிய படிகள்'னு ஒரு மொறை வச்சிருக்காவ. உம்ம மண்ணு என்ன மண்ணுன்னு தெரிஞ்சுக்கிடும், அதுல சத்து எப்படிச் சேருது, எப்படி வீணாப் போவுதுன்னு புரிஞ்சுக்கிடும், மண்ணைச் சோதனைக்குக் குடும், அந்த மண்ணுக்கு என்ன உண்டோ அதை மட்டும் போடும், எலையைச் சோதிச்சு சரிதானான்னு பாரும், எல்லாத்தையும் நோட்டுல எழுதி வையும். இம்புட்டுதான். கடலைக் காப்பாத்துறேன்னு எவனும் வேட்டியை மடிச்சுக் கட்டல. வீணாப் போற உரத்துக்கும் காசு குடுத்தது நாமதானேன்னு கணக்குப் பாத்தான், அம்புட்டுத்தான்.

அடுத்தது தீ வைக்கிறது. வெட்டுறதுக்கு முன்னாடி கரும்புல காஞ்ச தோகையை, அதான் சோகையை, கொளுத்துனா எவ்வளவு வசதி! பாம்பு ஓடிரும், சொணை இருக்காது, வெட்டுறவன் முகம் சுளிக்க மாட்டான், வயலும் மொட்டை போட்ட தலையாச் சுத்தமாயிரும். மண்ணுல கெடந்த புழு, பூச்சி, நுண்ணுயிரு எல்லாம் ஒரேயடியா மோட்சத்துக்குப் போயிரும். சாம்பல் பறந்து உம்ம அத்தை காயப்போட்ட வெள்ளைச் சேலையில விழும், அன்னைக்கு ராத்திரி அவ பேசுற பேச்சை நீரு கேக்கணும். எரிஞ்ச கரும்பு வெரசாக் கெடும், ஆலை வாசல்ல வண்டி நிக்க நிக்கச் சக்கரை கொறையும். பிரேசில்ல சாவோ பாலோன்னு ஒரு மாநிலம், உலகத்துக்கே சக்கரை அனுப்புற எடம். அவனே 2002-ல சட்டம் போட்டு எரிக்கிறதைப் படிப்படியா நிறுத்திட்டான். நம்ம புளியங்குடிப் பக்கம், எலுமிச்சம்பழத்துக்குப் பேரெடுத்த ஊருல, இயற்கை விவசாயம் பண்ணுதவுக சோகையைப் பாருக்கு ஊடால மூடாக்காப் போடுதாவ. ஈரம் காயாது, களை மண்டாது, இளங்குருத்துப் புழுவும் கொறையும், மக்கிட்டா உரம். வெளிநாட்டுக்காரன் சொன்னா போட்டோ எடுத்துப் பாப்பீரு, புளியங்குடிக்காரன் சொன்னா "அவனுக்கு என்ன தெரியும்"பீரு. பஸ்சு ஏறுனா அரை மணிநேரத்துல பாத்துட்டு வந்துரலாம், அதனாலதான் யாரும் போக மாட்டேங்கான்.

இடைக்கணுப்புழுவுக்கு மருந்து அடிக்கப் போறீரா? தாராளமா அடியும். ஆளு ஒசரத்துக்கு மேல வளந்த கரும்புக்குள்ள தெளிப்பானை முதுகுல மாட்டிக்கிட்டுப் போயி, மூச்சு முட்டி வெளிய வந்தா வீரன்னு ஊரு சொல்லும். டிரைக்கோகிரம்மான்னு ஒரு பொடிக் குளவி இருக்கு, புழுவோட முட்டைக்குள்ளயே தன் முட்டையை வச்சிரும். நாலாம் மாசத்துல இருந்து 15 நாளைக்கு ஒருக்கா அந்தக் குளவி உள்ள அட்டையைத் தோகையில கட்டிவிட்டாப் போதும். ஆனா அதுல வாசம் இல்லை, பொகை இல்லை, மருந்துக்கடைக் கடன் இல்லை. விவசாயம் பண்ணுன மாதிரியே இருக்காது.

சரி, உம்மைக் கிண்டல் பண்ணுனது போதும். மத்தவங்களையும் விடக்கூடாதுல்லா.

கோயம்புத்தூர்ல 1912-லயே கரும்பு ஆராய்ச்சி நெலையம் வச்சாவ. ஆத்தங்கரையில தானா வளந்து கெடந்த காட்டுக் கரும்பை நாட்டுக் கரும்போட ஒட்டுச் சேத்துக் 'கோ 205'ன்னு 1918-ல கொண்டாந்தாவ, வடநாட்டுக் கரும்பே அதுல மாறிப்போச்சு. பெறவு வந்த கோ 86032 இன்னைக்கும் நம்ம வயல்ல நிக்கி. நூறு வருசத்துக்கு மேல படிச்சவுக கரும்புக்குச் செய்ய வேண்டியதைச் செஞ்சிருக்காவ. கரும்புக்காரனுக்குச் செய்ய வேண்டியதுதான் பாக்கி. அந்தப் 'பாக்கி'ங்கிற சொல்லு கேட்டாலே கரும்புக்காரனுக்குக் கண்ணு கலங்கும்.

1966-ல போட்ட கரும்புக் கட்டுப்பாட்டு ஆணை என்ன சொல்லுது? ஆலைக்குக் கரும்பு போயி 14 நாளைக்குள்ள காசைக் குடுக்கணும், தவறுனா வருசத்துக்கு 15 சதம் வட்டி போட்டுக் குடுக்கணும். சட்டத்துல நெல்லு கொட்டிக் கெடக்கு, அள்ளுறதுக்குத்தான் படி இல்லை. தமிழ்நாட்டுல தனியார் ஆலைகள் வருசக்கணக்காப் பாக்கி வச்சதும், விவசாயி கலெக்டர் ஆபீஸ் வாசல்ல கரும்போட உக்காந்ததும் பேப்பர்ல வந்த சேதிதான். கரும்பு தின்னக் கூலியான்னு ஒரு பழமொழி உண்டு. கரும்பு வெளைய வச்சவனுக்கே கூலி வராத காலத்தைப் பழமொழி சொன்னவரு பாக்கல.

வெலைக் கணக்கையும் கேளும். 2024–25 அரவைப் பருவத்துக்கு மத்திய அரசு வச்ச வெலை, கட்டுமானம் 9.5 சதத்துக்குக் கீழ இருந்தா டன்னுக்கு 3,151 ரூவா. நம்ம தமிழ்நாடு அதுக்கு மேல 349 ரூவா ஊக்கத்தொகை குடுத்து 3,500 ஆக்குச்சு. அதே மத்திய அரசு வெலை, கட்டுமானம் 10.25 இருந்தா டன்னுக்கு 3,400. அதுக்கு மேல ஏற ஏற வெலையும் ஏறும். யூரியாவுல சாஞ்ச கரும்பும், எரிச்சுக் காயவச்ச கரும்பும் அந்தப் படியில ஏறுமா?

விளைச்சலைக் கூட்டு, சுற்றுச்சூழலைக் காப்பாத்துன்னு விவசாயிக்குப் பாடம் எடுக்க வருதவங்க எல்லாரும், பாடத்தை ஆரம்பிக்கும்போதே அந்த 14 நாளைப் பத்திப் பேசணும். காசு வராதவன் கடன்ல உரம் வாங்குதான், ஆளுக்கூலிக்கு வழியில்லாம சோகையைக் கொளுத்துதான். அவங்கிட்ட வந்து பவளப்பாறை பத்திப் பேசுனா அவனுக்குக் கோவந்தான் வரும். ஆனா ஒண்ணு மருமவனே, ஆலைக்காரன் பாக்கி வச்சதுக்கு நம்ம மண்ணை நாமளே தண்டிக்கக்கூடாது. அவன் பாக்கி வச்சது ஒரு நட்டம்னா, நீரு அவுத்துவிட்ட தண்ணியும் கரைச்சுவிட்ட உரமும் எரிச்ச சோகையும் ரெண்டாவது நட்டம். அதுக்கு மனு குடுக்க எந்தக் கலெக்டரும் கெடையாது.

ஒரு நோட்டு வாங்கும். ஒரு பக்கத்துல ஏக்கருக்கு எத்தனை நாத்து, எத்தனை மணிநேரம் தண்ணி, எத்தனை கிலோ யூரியா, மண்வள அட்டை என்ன சொல்லுதுன்னு எழுதும். எதிர்ப் பக்கத்துல வெட்டு உத்தரவு வந்த நாளு, ஆலையில எடை போட்ட நாளு, காசு வந்த நாளு, வராத நாளுக்கு 15 சதம் வட்டி எவ்வளவுன்னு எழுதும். எழுதுன நோட்டோட பத்துப் பேரு சேந்து போய்க் கேளும். தன் வயல் கணக்கைச் சரியா வச்சிருக்கவன் கேக்குற கணக்குக்கு, ஆலையும் ஆபீசும் பதில் சொல்லித்தான் ஆகணும்வே.