மூன்று சுருட்டும் நூறு வருஷமும்

1862, செப்டம்பர் 13. அமெரிக்காவில், தனி நாடு என்று பிரிந்துபோன தெற்குக்கும் வடக்குக்கும் உள்நாட்டுப் போர். மேரிலாண்ட் மாநிலம், ஃப்ரெடரிக் என்கிற ஊருக்குப் பக்கத்தில் ஒரு புல்வெளி. நடந்து நடந்து கால் ஓய்ந்துபோன வடக்குப் படை சிப்பாய்கள் அப்பாடா என்று சாய்கிறார்கள். புல்லுக்குள் ஒரு காகிதப் பொட்டலம். பிரித்தால், உள்ளே மூன்று சுருட்டு! போர்க்காலத்தில் சிப்பாய்க்கு இதைவிடப் பெரிய லாட்டரி உண்டா?

நல்லவேளை, அந்தக் கூட்டத்தில் நம்மைப் போல ஒருத்தர் இருந்தார். சுண்டல் தின்று முடித்ததும் பொட்டலக் காகிதத்தை எழுத்து விடாமல் படிக்கிறவர்களைச் சொல்கிறேன். படித்தால் பகீர் என்றது. தெற்குப் படையின் தளபதி ராபர்ட் லீ தன் சேனையைத் துண்டு துண்டாகப் பிரித்து யார் யாரை எங்கே அனுப்பியிருக்கிறார் என்ற முழு விவரம்! வெண்தாடியும் குதிரையுமாக எத்தனையோ ஊர்களில் சிலையாக நின்ற மகாவீரரின் டாப் சீக்ரெட்டை யாரோ ஓர் ஆபீசர் சுருட்டு மடிக்க எடுத்துக்கொண்டுவிட்டார். யார் அந்தப் புண்ணியவான் என்று கடைசிவரை தெரியவில்லை. தெரிந்தவர் மூச்சு விடுவாரா?

காகிதம் வடக்குத் தளபதி மெக்லெல்லன் கைக்குப் போனது. பத்திரிகைகள் இவரை ‘இளம் நெப்போலியன்’ என்று எழுதின, அவரும் மறுக்கவில்லை. எதிரியின் தலைகளை எண்ணச் சொன்னால் தாராளமாக இரண்டால் பெருக்கிச் சொல்வது இவருடைய தனித்திறமை. எதிராளியின் சீட்டு முழுக்கத் தெரிந்துவிட்டது, இனி என்ன தயக்கம் என்கிறீர்களா? பெரிய மனிதர்கள் அப்படியெல்லாம் அவசரப்படுவதில்லை. சுமார் 18 மணி நேரம் கழித்துத்தான் கிளம்பினார்!

ஆனாலும் செப்டம்பர் 17-ம் தேதி ஆன்டீடத்தில் இரு படையும் மோதின. அமெரிக்க வரலாற்றிலேயே அதிக ரத்தம் சிந்திய ஒற்றை நாள் அது. லீ பின்வாங்கினார். ‘ஏதாவது ஒரு வெற்றி கிடைக்கட்டும்’ என்று ஜூலையிலிருந்து ஓர் அறிவிப்பை மேஜைக்குள் வைத்துக்கொண்டு காத்திருந்த ஜனாதிபதி லிங்கன், ஐந்தே நாளில் அதை வெளியே எடுத்தார். ஜனவரி 1 முதல், கலகம் செய்யும் மாநிலங்களிலுள்ள அடிமைகள் அனைவரும் விடுதலை.

அந்தச் சிப்பாய் மட்டும் காகிதத்தைப் பார்க்காமல் சுருட்டை இழுத்து ஊதியிருந்தால்? தெற்கு ஜெயித்திருந்தால்? அடிமைமுறை இன்னும் எத்தனை வருஷம் நீடித்திருக்கும்?

டீக்கடை பெஞ்சிலிருந்து பல்கலைக்கழகம் வரை இதற்கு ஒரு ரெடிமேட் பதில் உண்டு. “அட, அது தானாகவே செத்திருக்கும் சார். மெஷின் வந்திருக்கும், உலகம் காறித் துப்பியிருக்கும். இருபது வருஷம், மிஞ்சிப்போனால் முப்பது.” அடுத்தவன் முதுகில் விழுகிற சவுக்கடி என்றால் இருபது முப்பது வருஷத்தை ஒதுக்க நமக்குக் கஷ்டமே இல்லை!

சம்பந்தப்பட்ட பண்ணையார்களுக்கு அப்படி ஏதாவது உத்தேசம் இருந்ததா? தெற்குக்காரர்கள் 1861-ல் தங்களுக்கென்று ஓர் அரசியல் சட்டம் எழுதினார்கள். எழுதினார்கள் என்பது மரியாதைக்கு. பழைய அமெரிக்கச் சட்டத்தைப் பக்கத்து பெஞ்சுப் பையன் பேப்பரைப் பார்ப்பதுபோலப் பார்த்துக் காப்பி அடித்தார்கள். முக்கியமான ஓர் இடத்தில் சொந்தச் சரக்கு. பழைய சட்டம் ‘அடிமை’ என்ற சொல்லையே எழுதக் கூச்சப்பட்டுச் சுற்றி வளைத்தது. இவர்களுக்கு அந்தக் கூச்சமெல்லாம் கிடையாது. கறுப்பின அடிமைகள் மீதான சொத்துரிமையைக் குறைக்கும் எந்தச் சட்டத்தையும் நாடாளுமன்றம் போடக்கூடாது என்று பச்சையாகவே எழுதினார்கள். முப்பது வருஷத்தில் மூடப்போகிற கடைக்கு யாராவது இப்படி ஒரு பூட்டுப் போடுவார்களா?

தெற்கின் துணை ஜனாதிபதி அலெக்ஸாண்டர் ஸ்டீபன்ஸ் நோஞ்சான் மனிதர். நாற்பத்தைந்து கிலோ தேறினால் ஆச்சரியம். பேச்சு மட்டும் கனம். 1861 மார்ச்சில் சவானா நகரத்தில், எங்கள் புதிய அரசின் மூலைக்கல்லே அடிமைமுறைதான் என்று முழங்கினார். தோற்ற பிறகு? போர் நடந்தது மாநில உரிமைக்காக என்று விளக்கி இரண்டு தடித்த வால்யூம்! ஜனாதிபதி ஜெஃபர்சன் டேவிஸ் மட்டும் சளைத்தவரா? அவரும் இரண்டு வால்யூம். இந்த நான்கு வால்யூம்களுக்கு அடியில்தான் அந்த மூலைக்கல் எங்கோ நசுங்கிக் கிடக்கிறது.

இதில் பணம் வேறு இருக்கிறது. 1860 கணக்கெடுப்பில் அடிமைகள் ஏறக்குறைய 40 லட்சம் பேர். மனிதர்களுக்கு விலை போட்டுப் பார்த்த அந்த அசிங்கமான கணக்கில் வந்த தொகை, அமெரிக்காவின் அத்தனை ரயில்வேக்களையும் தொழிற்சாலைகளையும் சேர்த்ததைவிட அதிகம். இப்படிப்பட்ட ஃபிக்ஸட் டெபாசிட்டை எந்தப் பண்ணையார் மனம் திருந்திக் கிழித்துப் போடுவார்?

சந்தேகமிருந்தால் டெலவேர் மாநிலத்தைப் பாருங்கள். குட்டி மாநிலம், கலகத்தில் சேராதது, மொத்த அடிமைகளே 1,798 பேர். “தலைக்கு 400 டாலர் தருகிறேன், விட்டுவிடுங்கள்” என்றார் லிங்கன். போருக்கு அரை நாளில் ஆகிற செலவுகூட இதற்கு ஆகாது என்று கணக்கும் போட்டுக் காட்டினார். டெலவேர் கைகூப்பி மறுத்துவிட்டது. அரை நாள் செலவுக்கே மசியாதவர்களை ‘காலம்’ வந்து திருத்தியிருக்குமாம்!

சரி, மெஷின் வந்திருக்குமே? வந்தது. மிஸிஸிப்பியில் கிளார்க்ஸ்டேல் பக்கத்துப் பண்ணை ஒன்றில் பஞ்சு பறிக்கும் இயந்திரங்கள் வரிசையாக இறங்கி, ஊர்கூடிப் பார்க்க வேலை செய்து காட்டின. எந்த வருஷம் என்கிறீர்கள்? 1944 அக்டோபர்! இங்கே தீபாவளிக்கு பாகவதரின் ‘ஹரிதாஸ்’ ரிலீசான அதே மாதம். மெஷினுக்காகக் காத்திருந்தால் அடிமையின் கொள்ளுப்பேரனும் வயலில்தான் நின்றிருப்பான்.

உலகம் காறித் துப்பியிருக்கும் என்பதும் அரைகுறை. பஞ்சுதான் ராஜா என்று 1858-ல் செனட்டில் மார்தட்டினார் தென் கரோலினாவின் ஹாமண்ட். அதை நம்பி, போர் தொடங்கியதும் தெற்குக்காரர்கள் பஞ்சை ஏற்றுமதி செய்யாமல் முடக்கினார்கள். இங்கிலாந்து காலில் வந்து விழும் என்று கணக்கு. இங்கிலாந்தோ கிடங்கு நிறையப் பழைய ஸ்டாக் வைத்திருந்தது. அது தீர்ந்ததும் எகிப்துக்கும் இந்தியாவுக்கும் ஓடியது. பம்பாய் வியாபாரிகள் ராத்திரியோடு ராத்திரியாகக் கோடீஸ்வரர்கள் ஆனார்கள். 1865-ல் போர் நின்ற சேதி வந்ததும் பலர் மறுபடி தெருவுக்கு வந்தார்கள் என்பது தனிச் சோகக் கதை. இங்கிலாந்துக்காரர்களின் மனசாட்சி அடிமைமுறையை வெறுத்தது உண்மைதான். ஆனால் மனசாட்சி போட்டிருந்த சட்டை அமெரிக்கப் பஞ்சில் நெய்தது!

வின்ஸ்டன் சர்ச்சில்கூட இந்த ‘இப்படி நடந்திருந்தால்’ விளையாட்டில் இறங்கி 1930-ல் ஒரு கட்டுரை எழுதினார். அதில் லீ, நிஜத்தில் தோற்ற கெட்டிஸ்பர்க் சண்டையில் ஜெயிக்கிறார். ஜெயித்த கையோடு பெருந்தன்மையாக அடிமைகளுக்கு விடுதலையும் அறிவிக்கிறார். கண்ணில் நீர் வருகிறது, இல்லையா? துடைத்துக்கொண்டு மேலே படியுங்கள். லீயின் மாமனார் 1857-ல் இறந்தபோது, தன் அடிமைகளை ஐந்து வருஷத்துக்குள் விடுதலை செய்ய வேண்டும் என்று உயில் எழுதிவைத்திருந்தார். அதை நிறைவேற்ற வேண்டிய மாப்பிள்ளை கோர்ட்டுக்குப் போய் எக்ஸ்டென்ஷன் கேட்டார்! கடைசியில் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டது 1862 டிசம்பர் 29. கெடு தாண்டி இரண்டு மாதத்துக்கு மேல்.

லீயை விடுங்கள். விடுதலைத் திலகம் லிங்கனின் காலண்டரே நம்மைத் தூக்கிவாரிப் போடும். 1858-ல் மேடையில் பேசியபோது, சமாதான வழியில் அடிமைமுறை ஒழியக் குறைந்தது நூறு வருஷம் ஆகும் என்றார். அதாவது 1958. ‘நாடோடி மன்னன்’ வந்த வருஷம்! பதவிக்கு வந்த பிறகு கொஞ்சம் டிஸ்கவுண்ட். 1862 டிசம்பரில் அவர் நாடாளுமன்றத்தில் வைத்த யோசனையில் மாநிலங்களுக்குக் கொடுத்த கெடு 1900 ஜனவரி 1. விடுதலை அறிவிப்பு அமலுக்கு வர ஒரே மாதம் பாக்கி இருந்த சமயத்தில் சொன்னது இது.

பிரேசிலில் 1888-ல் ஒழிந்ததே என்பீர்கள். அங்கேயும் 1885-ல் அறுபது வயதானவர்களுக்கு விடுதலை என்று ஒரு சட்டம் போட்டார்கள். கூடவே, அதற்கு ஈடாக இன்னும் மூன்று வருஷம் உழைக்க வேண்டும் என்று ஒரு கொக்கி. யாருமே பார்த்திராத ரிட்டையர்மென்ட் ஸ்கீம்! முடிவைத் துரிதப்படுத்தியது சட்டமல்ல. 1887-ல் சாவோ பாவ்லோவின் காப்பித் தோட்டங்களைவிட்டு அடிமைகள் கூட்டம் கூட்டமாக வெளியேறினார்கள்.

‘எத்தனை வருஷம்’ என்று விரல்விட்டு எண்ணுகிற யாரும் அடிமைகளைக் கணக்கில் சேர்ப்பதே இல்லை. அமெரிக்காவின் அந்த 40 லட்சம் பேர் என்ன, கையைக் கட்டிக்கொண்டா உட்கார்ந்திருப்பார்கள்?

1861 மே மாதம் மூன்று அடிமைகள் தப்பித்து வர்ஜீனியாவிலிருந்த வடக்குக் கோட்டை ஒன்றுக்கு வந்தார்கள். மறுநாளே தெற்கு ஆபீசர் வந்து, சட்டப்படி திருப்பிக் கொடு என்றார். கோட்டைத் தளபதி பட்லர் அடிப்படையில் வக்கீல். ‘நீங்கள்தான் தனி நாடு என்கிறீர்களே, என் நாட்டுச் சட்டம் உங்களுக்கு எதற்கு? இவர்கள் சொத்து என்றும் நீங்களே சொல்கிறீர்கள். எதிரியின் சொத்து, பறிமுதல்!’ என்று கையை விரித்தார். தெற்கு ஜெயித்துத் தனி நாடு ஆகியிருந்தால், எல்லை நெடுக இந்த வாதம் தினமும் நடந்திருக்கும்.

அடுத்த வருஷம், 1862 மே 13 விடியற்காலை, சார்ல்ஸ்டன் துறைமுகம். ‘பிளான்ட்டர்’ என்ற தெற்குப் படைக் கப்பலின் வெள்ளைக்கார அதிகாரிகள் கரையில் குறட்டை விட்டுக்கொண்டிருக்க, 23 வயது அடிமை மாலுமி ராபர்ட் ஸ்மால்ஸ் கேப்டனின் வைக்கோல் தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டார். வழியில் மனைவி, குழந்தைகளை ஏற்றிக்கொண்டு, பீரங்கிக் கோட்டையைத் தாண்டும்போது சரியான சங்கேத ஊதலும் ஊதி, கப்பலோடு வடக்குப் படையிடம் போய்ச் சேர்ந்தார்! பின்னாளில் அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினராகவும் ஆனார். தன்னை அடிமையாக வைத்திருந்த எஜமானின் வீட்டையே விலைக்கு வாங்கிக் குடியேறினார்.

லிங்கன் காலண்டரா, அந்தத் தொப்பியா என்று பந்தயம் கட்டச் சொன்னால் என் காசு தொப்பி மீதுதான். பண்ணையார்கள் ஒழுங்காகத் தூங்க முடிந்திருந்தால்தானே நூறு வருஷம் ஓட்டுவது?

அதற்காக, அவர்கள் லேசில் விட்டிருப்பார்கள் என்றும் சொல்லமாட்டேன். பெயரை மாற்றிக் கடையை நடத்துவது தோட்ட முதலாளிகளுக்குக் கைவந்த கலை. பிரிட்டிஷ்காரர்கள் அடிமைமுறையை ஒழித்த கையோடு நம்மூர் ஆட்களை ஒப்பந்தக் கூலி என்று மொரிஷியஸுக்குக் கப்பல் ஏற்றவில்லையா? அமெரிக்கத் தெற்கில், தோற்ற பிறகும், கறுப்பினத்தவரைச் சில்லறைக் குற்றங்களுக்குப் பிடித்து, கைதிகளைச் சுரங்கங்களுக்கு வாடகைக்கு விட்டார்கள். அலபாமாவில் இது 1928 வரை ஓடியது.

கடைசியாக ஒரு தகவல். அடிமைமுறையை ஒழிக்கும் 13-வது சட்டத் திருத்தம் 1865 டிசம்பரில் நிறைவேறியபோது மிஸிஸிப்பி மாநிலம் மறுத்து ஓட்டுப் போட்டது. ஒருவழியாக 1995-ல் ஏற்றுக்கொண்டது. ஏற்றுக்கொண்டதைத் தலைநகருக்கு முறைப்படி தெரிவிக்க மறந்துவிட்டது! 2012-ல் ‘லிங்கன்’ சினிமாவைப் பார்த்துவிட்டு வந்த ஒரு பேராசிரியர் தோண்டித் துருவிக் கண்டுபிடித்த பிறகுதான் ஃபைல் நகர்ந்தது. பதிவானது 2013 பிப்ரவரி 7-ம் தேதி.

தோற்றவர்களுக்கே 147 வருஷம் ஆயிற்று. ஜெயித்திருந்தால் எவ்வளவு ஆகியிருக்கும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.