அரைத் தாளில் ஐந்து நாடுகள்

கேள்வி: இரண்டாம் உலகப் போரின்போது சர்ச்சில், ரூஸ்வெல்ட், ஸ்டாலின் எல்லாம் அடிக்கடி மாநாடு கூட்டினார்களே, அப்படி என்னதான் பேசினார்கள்?

பதில்: முதலில் ஹிட்லரை ஒழிப்பது பற்றி. பிரான்ஸில் படை இறக்குவது 1943-இல் டெஹ்ரானிலேயே முடிவாகிவிட்டது. பிறகென்ன, பாகப்பிரிவினைதான்!

1944 அக்டோபர் 9 இரவு, மாஸ்கோ. ரூஸ்வெல்ட் தேர்தல் மும்முரத்தில் அமெரிக்காவில் இருக்கிறார். சர்ச்சில் அரைத் தாளில் எந்த நாட்டில் யாருக்கு எவ்வளவு செல்வாக்கு என்று கணக்கு எழுதுகிறார்: ருமேனியாவில் ரஷ்யாவுக்கு 90 சதவீதம், கிரீஸில் பிரிட்டனுக்கு 90, பல்கேரியாவில் ரஷ்யாவுக்கு 75, யுகோஸ்லாவியாவும் ஹங்கேரியும் பாதிப் பாதி. ஸ்டாலின் நீலப் பென்சிலால் பெரிதாக ஒரு டிக் அடித்துத் தாளைத் திருப்பித் தள்ளினார். சர்ச்சிலுக்கே கொஞ்சம் கூச்சம். எரித்துவிடலாமா என்று கேட்டார். வேண்டாம், நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்றார் ஸ்டாலின். இதையெல்லாம் எழுதியது சர்ச்சிலேதான். எரிக்க நினைத்ததைப் புத்தகமாகப் போட்டு விற்ற சாமர்த்தியசாலி!

அதோடு விட்டார்களா? வெளியுறவு அமைச்சர்கள் ஈடனும் மொலோடோவும் உட்கார்ந்து காய்கறிச் சந்தை மாதிரி பேரம் பேசி, ஹங்கேரியிலும் பல்கேரியாவிலும் ரஷ்யாவின் பங்கை 80 ஆக்கினார்கள். அந்த ஐந்து நாட்டுக்காரர்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

1945 பிப்ரவரியில் யால்டாவில், விடுதலை பெற்ற ஐரோப்பாவில் சுதந்திரமான தேர்தல் நடக்கும் என்று மூவரும் கையெழுத்துப் போட்டார்கள். ருமேனியாவில் அப்படியொரு தேர்தல் 1990-இல் நடந்தது.