அங்கிட்டுத் தள்ளி நில்லுங்க

சோழவந்தான் பக்கம் எங்கள் ஊரில் பந்தியில் சாம்பார் பற்றாமல் போன கல்யாணம் உண்டு. மாப்பிள்ளை கோபித்துக்கொண்டு பாதியில் எழுந்து போன கல்யாணமும் உண்டு. ரேடியோ செட் இல்லாத கல்யாணம் மட்டும் நடந்ததில்லை. 1980-களில் அந்த செட்டுக்குச் சொந்தக்காரர் எனக்கு மாமன் முறை. சைக்கிள் கேரியரில் அகுஜா ஆம்ப்ளிஃபயர், தோளில் வயர்ச் சுருள், பின்னால் குழாய் ஸ்பீக்கரைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு நான்.

ஆம்ப்ளிஃபயரின் முகத்தில் நாலைந்து திருகுகள் இருக்கும். மைக் ஒன்று, மைக் இரண்டு, பாஸ், ட்ரெபிள். மாமாவைத் தவிர யாரும் தொடக்கூடாது. தொட்டால் என்ன ஆகும் என்று அவர் சொன்னதில்லை. முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டோம்.

சிங்கப்பூர்ச் சம்பாத்தியத்தில் ஊருக்கு ரேடியோவும் டேப்பும் சேர்ந்த ஒரு டூ-இன்-ஒன் வந்து சேர்ந்ததும் மாமா ரெக்கார்டிங் என்ஜினீயர் ஆகிவிட்டார். ஆம்ப்ளிஃபயரின் முதுகிலிருந்து ஒரு வயரை இழுத்து டேப்பில் செருகினார். அறுபது நிமிட கேசட்டில் நையாண்டி மேளத்தைப் பிடித்து வைப்பது திட்டம். மைக் இரண்டு, வாசிப்பவர்களோ அரை டஜன் பேர். திருகைத் திருகிப் பயனில்லை என்று கண்டுகொண்ட மாமா, ஆட்களை நகர்த்தத் தொடங்கினார். "நாயனம் இங்கிட்டு வாங்க. பம்பை கொஞ்சம் பின்னாடி. தவிலண்ணே, அங்கிட்டுத் தள்ளி நில்லுங்க." தவில்காரர் நகர்ந்தார். "இன்னும் அங்கிட்டு." நகர்ந்தார். "இன்னும் கொஞ்சம்." அவருக்குப் பொறுக்கவில்லை: "இதுக்கு மேல அங்கிட்டுன்னா நான் வாடிப்பட்டிக்குத்தான்யா போகணும்!"

அந்தக் கேசட்டில் தவில் கிணற்றுக்குள்ளிருந்து கேட்கும். ஆனால் எல்லாம் கேட்கும்.

அப்பத்தாவின் ஒப்பாரியை மட்டும் தோட்டத்தில் வைத்து, டேப்பிலேயே இருந்த மைக்கில் பிடித்தோம். அது வேறு கூத்து. அந்த வகை டேப்புகளில் ஒலியின் அளவைத் தானே சரிசெய்துகொள்ளும் ஏற்பாடு உண்டு. சத்தம் கூடினால் தணிக்கும். சத்தம் நின்றால், எதையாவது கேட்டே தீருவேன் என்று காதைத் தீட்டிக்கொள்ளும். எனவே அப்பத்தா ஓர் அடி பாடி மூச்சு வாங்கும் ஒவ்வொரு முறையும் பக்கத்துக் கொடிக்காலின் பம்புசெட் மேலே எழும்பி வரும். அவள் அடுத்த அடியைத் தொடங்கியதும் பணிவாக அடங்கும். கேட்டவர்கள், பம்புசெட்டும் சேர்ந்து அழுகிறது என்றார்கள்.

மதுரைக்காரனுக்கு எம்.எஸ். பெயரைச் சொல்லாமல் ரெக்கார்டிங் பற்றிப் பேச வராது. மேல அனுமந்தராயன் கோயில் தெருவிலிருந்து போன சுப்புலட்சுமி, 1926-ல், பத்து வயதில், எச்.எம்.வி. தட்டுக்குப் பாடினார். அம்மா சண்முகவடிவு வீணை. தட்டின் ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடத்துக்குச் சற்று மேல்தான் இடம். குரலைத் தனியாகவும் வீணையைத் தனியாகவும் எடுத்து அப்புறம் ஒட்டிக்கொள்ளும் பேச்சே இல்லை. பாடியது பாடியதுதான், வாசித்தது வாசித்ததுதான்.

இப்போது என் தம்பி மகன் மதுரை பழங்காநத்தத்தில் மாடி அறையில் ஸ்டூடியோ வைத்திருக்கிறான். ஸ்டூடியோ என்றால் சுவரில் முட்டை அட்டை, ஜன்னலில் ஜமுக்காளம், மேஜையில் கம்ப்யூட்டர். (முட்டை அட்டை வெளிச்சத்தத்தைத் தடுக்காது, உள்ளே எதிரொலியைக் கொஞ்சம் சிதறடிக்கும், அவ்வளவுதான். சொன்னால் கேட்க மாட்டான்.) டவுன்ஹால் ரோட்டில் பத்தாயிரத்தை ஒட்டிய விலையில் ஒரு மிக்சர் வாங்கி வந்தான். பெரிங்கர் கியூ802 யூ.எஸ்.பி. மாணவனாக இருந்தபோது ஒலிக்கருவிகள் வாங்கக் கட்டுப்படியாகாமல் தானே செய்து பழகிய ஊலி பெரிங்கர் 1989-ல் ஜெர்மனியில் தொடங்கிய கம்பெனி அது. பிற்பாடு உற்பத்தி சீனாவுக்குப் போனது. விலை இறங்கி, பெரிய ஸ்டூடியோக்களின் சங்கதி எங்கள் மாடிப்படி ஏறியது.

விரித்த கையைவிடக் கொஞ்சம் பெரிய பெட்டி. மாமாவின் ஆம்ப்ளிஃபயரில் இருந்ததைப் போல் பல மடங்கு திருகுகள். எதை வேண்டுமானாலும் யாரும் தொடலாம் என்பதே எனக்குப் பெரிய அதிர்ச்சி. தொட்டேன். "பெரியப்பா, கெயின் ஜாஸ்தி, சிவப்பு எரியுது பாருங்க" என்றான். மைக்கிலிருந்து வருவது சில மில்லிவோல்ட்தான். அதை ஒரு வோல்ட்டுக்கு அருகில் தூக்கி நிறுத்துவது அந்த முதல் திருகு. அங்கே கூடிப்போய் ஒலி உடைந்துவிட்டால் அப்புறம் எந்தத் திருகாலும் ஒட்டவைக்க முடியாது.

முதல் நாளே ஒரு 'ம்ம்ம்'. பாட வந்தவர் தம்பூரா போட்டிருக்கிறதா என்று கேட்டார். கம்ப்யூட்டர் ஒரு பிளக்கில், கீபோர்டு ஆம்ப் எதிர்ச்சுவர் பிளக்கில். இரண்டு எர்த்துக்கும் இடையிலான சிறு வித்தியாசம் ஆடியோ வயர் வழியே ஓடி, கரண்டின் 50 ஹெர்ட்ஸைப் பாட்டில் சேர்த்துவிட்டது. எல்லாவற்றையும் ஒரே எக்ஸ்டென்ஷன் போர்டில் செருகியதும் அடங்கியது. எர்த் பின்னை ஒடித்துவிட்டால் சரியாகும் என்று யோசனை சொல்லும் மேதைகள் தெருவுக்கு ஒருவர் உண்டு. சத்தம் போகலாம்; கூடவே ஆளும் போகலாம்.

எனக்குச் சிரிப்பு வந்தது வேறு இடத்தில். இத்தனை திருகுகள் இருந்தும், யூ.எஸ்.பி. வயர் வழியாகக் கம்ப்யூட்டருக்குள் போவது இரண்டே தடம், இடது வலது. குரலும் மேளமும் அதற்குள் கலந்தபடிதான் போகும். கம்ப்யூட்டரில் ஆடாசிட்டி இலவசமாகக் கிடைக்கிறது, நூறு தடம் வேண்டுமானாலும் திறக்கலாம். இந்தப் பெட்டியோ கலந்த சோற்றைத்தான் பரிமாறும். ஒருவர் பின் ஒருவராகப் பாடி அடுக்கினால் தனித்தனியாக எடுக்கலாம். நான்கு பேர் ஒன்றாக வாசித்தால், யார் முன்னால் யார் பின்னால் என்று பாட்டு தொடங்குவதற்குள் முடிவு செய்தாக வேண்டும். மாமா ஆட்களை நகர்த்திச் செய்த அதே வேலை. பையன் திருகை இடப்பக்கம் திருப்பும்போதெல்லாம் ஒரு தவில்காரர் வாடிப்பட்டிப் பக்கம் நகர்வது எனக்குத் தெரிகிறது.

அதில் கம்ப்ரெசர் என்று ஒரு திருகு. சத்தத்தின் மேடுபள்ளத்தைச் சமப்படுத்துமாம். முழுக்கத் திருப்பிப் பார்த்தேன். பாடுகிறவர் மூச்சு வாங்கும் இடைவெளியில் மேலே எழும்பி வந்தது மின்விசிறி. அப்பத்தாவின் பம்புசெட் நகரத்துக்குக் குடிவந்துவிட்டது. இம்முறை காசு கொடுத்து வரவழைத்திருக்கிறோம்.

வெளிச்சத்தத்துக்குத்தான் மருந்தில்லை. குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45 என்று 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகள் சொல்கின்றன. பங்குனி, ஆடி மாதங்களில் எங்கள் தெருவுக்கு அந்த விதி வந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்விடும். குழாய் சுமந்து வளர்ந்தவன் நான். இப்போது ஜன்னலைச் சாத்திக்கொண்டு திட்டுகிறேன்.

போன வருஷம் ஊரிலிருந்து அத்தைமார் எட்டுப் பேர் முளைப்பாரிப் பாட்டு பதிய வந்தார்கள். மைக் போட இரண்டே வாய். அறையில் நிற்க ஆறு பேருக்கு இடம். பையன் திருகுகளை மாற்றி மாற்றிப் பார்த்தான். கடைசியில் மைக்கை நடுவில் வைத்து, குரல் கனத்த அத்தையைப் படிக்கட்டுக்கு அனுப்பினான். கும்மிக் கைத்தட்டு, குலவை, வளையல் சத்தம் எல்லாம் சுத்தமாக விழுந்தது. ஹெட்போனில் போட்டுக் காட்டினான்.

பெரிய அத்தைக்குத் திருப்தியில்லை. "நல்லாத்தான்யா இருக்கு. ஆனா வீட்டுல பாடுற மாதிரியில்ல இருக்கு. எக்கோ வைய்யி." கம்ப்யூட்டரில் எக்கோ வைத்தான். "இன்னும் வைய்யி." வைத்தான். குழாய் ஸ்பீக்கரின் கரகரப்பையும் ஒரு மென்பொருளில் தேடியெடுத்துப் பூசினான். அத்தை முகம் மலர்ந்தது.

திருவிழாவன்று அதைக் கோயில் செட்டில் போட்டார்கள். செட்டுக்காரர் தன் பங்குக்கு அவருடைய எக்கோவையும் திருப்பி வைத்தார். ஒரு வார்த்தை புரியவில்லை. அன்றைக்கே பக்கத்து ஊர்க்காரர்கள் பையனுக்கு அட்வான்ஸ் கொடுத்துவிட்டுப் போனார்கள்.