ஈவ் மார்கோ ஆன கதை

கேள்வி: 'ஆல் அபௌட் ஈவ்' படத்தில் உங்கள் மனம் யார் பக்கம்? மார்கோவா, ஈவா?

பதில்: மார்கோ பக்கம்தான், சந்தேகமே இல்லை! நாற்பதைத் தொட்டுவிட்டோமே என்று அந்த நாடக நடிகை குமுறும்போது பெட்டி டேவிஸ் நடிப்பதாகவே தோன்றாது. அப்போது அவருக்கே 42 வயது. 1950-ல் வந்த இந்தப் படத்துக்கு 14 ஆஸ்கர் பரிந்துரைகள். சிறந்த நடிகைக்கு டேவிஸும், மார்கோவின் இடத்தைப் பிடிக்கத் துடிக்கும் ஈவாக வந்த ஆன் பாக்ஸ்டரும் மோத, விருதைத் தட்டிக்கொண்டு போனவர் ஜூடி ஹாலிடே! கடைசிக் காட்சி கண்ணிலேயே நிற்கிறது. ஈவின் மேலங்கியைப் போர்த்திக்கொண்டு, அவள் வாங்கிய விருதையும் ஏந்தி, கண்ணாடிகள் முன் குனிந்து குனிந்து வணங்குகிறாள் ஒரு சின்னப் பெண். பிறகு இதே கதை பிராட்வேயில் 'அப்ளாஸ்' என்ற இசை நாடகமானது. 1971-ல் லாரன் பகாலுக்கு அடுத்து மார்கோவாக மேடையேறியவர் யார் தெரியுமா? அதே ஆன் பாக்ஸ்டர்!